சாக மறுத்த லிஃப்ட்காரர்

பிப்ரவரி 3

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே நான் சுகம். இடது கண் மட்டும் புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கிறது. புரை இன்னும் முற்றட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். போன ஞாயிறு பிள்ளைகள் ஃபோன் செய்தார்கள். என் மகள் பேசினாள், உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டார். வழக்கம்போலத்தான்.

இத்துடன் வரும் கட்டுக்குள் புதுச் சித்திரக்கதையின் முதல் பன்னிரண்டு பக்கங்கள் இருக்கின்றன. படங்களுக்கு மை போட்டாகிவிட்டது. பேச்சுக் குமிழ்கள் மட்டும் உங்களுக்காகக் காலியாகக் காத்திருக்கின்றன. வசனத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆயுள் முழுக்கப் பாடப்புத்தகங்களுக்குத் தவளையும் தட்டானும் வரைந்தவன் நான், என் கையெழுத்தும் தவளை மாதிரிதான் தத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை உறைகளில் நீங்கள் எழுதிய விலாசங்களைப் பார்த்த அன்றே, இந்தக் கைதான் என் குமிழ்களுக்குள் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு சின்னப் புத்தகங்கள் ஆயிற்று. இது பெரியது. பெயர் 'நடுமாடி'.

கதை இதுதான். பழைய உயரமான கட்டடம். ஒரு வயதான லிஃப்ட்காரர் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். பழுது பார்க்க ஒரு இளம்பெண் வருகிறாள். லிஃப்ட் மெக்கானிக். கதவிடுக்கு வழியாக இருவரும் பேசுகிறார்கள். முப்பதாம் பக்கத்தில் அவர் மாரடைப்பில் இறந்துபோகிறார். அதற்குப் பிறகுதான் கதையே. அவள் கட்டட முதலாளியின் முன்னால் போய் நின்று சொல்கிறாள்: "அவரு கத்துனது உங்க காதுல விழல. இப்ப நான் பேசுறேன். கேளுங்க." அங்கிருந்து கடைசிப் பக்கம்வரை அவள் ராஜ்ஜியம்.

லிஃப்ட்காரர் கொஞ்சம் வாயாடி. முப்பதாம் பக்கம்வரை சகித்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

பிப்ரவரி 21

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நான் நலம். முற்றட்டும் என்று விட்டுவைக்க உங்கள் கண் என்ன மாங்காயா? வேறொரு டாக்டரையும் பாருங்கள்.

பன்னிரண்டு பக்கங்களும் எழுதி இத்துடன் வருகின்றன. இரண்டு குறைகள் சொல்லியாக வேண்டும். முதலாவது, வசனத்தாளில் 'லிப்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'லிஃப்ட்' என்று மாற்றிவிட்டேன். இரண்டாவது, குமிழை வரைந்து வைத்துவிட்டு அதற்குள் வசனத்தைத் திணிக்கச் சொல்கிறீர்கள். வரைபட அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குச் சொன்ன விதி: ஆற்றின் பெயர் ஆற்றின் போக்கில் வளைந்து போக வேண்டும், பெயருக்கு இடம் போதவில்லை என்று ஆற்றை நகர்த்தக் கூடாது. உங்கள் கதைதான் ஆறு. நான் வளைந்து கொடுக்கிறேன். ஆனால் வளைய ஓரளவாவது இடம் வேண்டுமே. குமிழ்களைப் பெரிதாக வரையுங்கள்.

பதினோராவது, பன்னிரண்டாவது பக்கங்களில் லிஃப்ட்காரர் பேச்சில் சில சுழிகள் சரியாக விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டட வேலை நடக்கிறது, மேஜை அதிர்கிறது. ஒட்டுத்தாளில் திருத்தியிருக்கிறேன். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். அங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்பதுதான் என் மகன் பாடும் ஒரே பாட்டு. அம்மா வீட்டில் மேஜை ஆடுகிறது என்று தெரிந்தால் போதும், மறுநாளே லாரியோடு வந்து நிற்பான். எனக்கு என் மேஜை, என் ஜன்னல், என் வேலை வேண்டும். அவன் வீட்டு அறையில், எழுத ஏற்ற வடக்கு வெளிச்சம் கிடையாது.

முதலாளி முன்னால் அந்தப் பெண் பேசும் வசனத்துக்காகக் காத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி அம்மா

•

மார்ச் 10

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் சுகத்துக்கு என் விசாரிப்பு. என் சுகத்துக்கு அதே பழைய கண்.

பக்கங்கள் பத்திரமாக வந்தன. எழுத்து பிரமாதம். கட்டட வேலை பெரிய தொல்லைதான், இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் இடிக்கிறார்கள். நீங்கள் சுழி, புள்ளி என்று ஒட்டுத்தாள் ஒட்டிச் சிரமப்பட வேண்டாம். எனக்கு இந்தக் கண்ணில் எல்லாக் கோடும் நெளிவாகத்தான் தெரிகிறது. கிழவர் பேச்சுதானே, விழுந்தபடி இருக்கட்டும். நீங்கள் சொன்னபடி குமிழ்களைப் பெரிதாக்கிவிட்டேன்.

அடுத்த பதினாறு பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். சின்ன மாற்றம். லிஃப்ட்காரர் முப்பதாம் பக்கத்தில் சாகவில்லை. நாற்பதுக்குத் தள்ளியிருக்கிறேன். அவர் முகம் வரைவதற்கு நன்றாக இருக்கிறது. கன்னத்தில் ஒரு கோடு போட்டால் தானாக இன்னொரு கோடு வருகிறது. கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறார். பெண்ணின் பேச்சைக் கொஞ்சம் குறைத்தேன். வேலை தெரிந்தவள், ஸ்பானர் பிடித்த கை பேசினால் போதும் என்று பட்டது.

பிள்ளைகளிடம் மேஜை பற்றி மூச்சு விடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

ஏப்ரல் 18

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விருந்தாளிகள், வீட்டில் வெள்ளையடிப்பு, அது இது. கட்டட வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

பக்கங்கள் தயார். உங்கள் லிஃப்ட்காரர் வாயை மூடவே மாட்டாரா? மூச்சு முட்டுகிறது என்கிறார், அடுத்த கட்டத்திலேயே தான் எத்தனை முதலாளிகளை மேலே ஏற்றி இறக்கினார் என்று கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார். இவ்வளவு மூச்சு இருக்கிறவருக்கு மாரடைப்பு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணுக்குத்தான் வாயில் பூட்டுப் போட்டுவிட்டீர்கள். இந்தப் பதினாறு பக்கங்களில் அவள் பேசியது: "ம்", "சரி", "பிடிச்சுக்கோங்க", மறுபடி "ம்". உங்கள் மகளைப் பார்த்துத்தான் அவளை வரைந்தீர்கள் என்று மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது. என் மருமகள் இவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று ஃபோட்டோக்காரரையே அழவைத்தவள் அவள்.

நாற்பதாம் பக்கத்தில் அவர் இறந்ததும் என் வரி வரும் அல்லவா? "இப்ப நான் பேசுறேன். கேளுங்க." அதற்கென்று புது நிப் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி அம்மா

•

மே 2

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

சுகம்தானே? வெள்ளையடித்த வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசிக் கட்டு இத்துடன் வருகிறது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். லிஃப்ட்காரர் சாகமாட்டேன் என்கிறார். நாற்பதில் கொல்லப் பார்த்தேன், முடியவில்லை. ஐம்பதில் பார்த்தேன், ஒரு நகைச்சுவை சொல்லித் தப்பித்துவிட்டார். கடைசியில் அந்தப் பெண் அவரை மேல்மாடி வழியாக வெளியே தூக்கிவிடுகிறாள். அவர் உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எறங்கணுமா, ஏறணுமா?" என்று கேட்கிறார். அத்தோடு கதை முடிகிறது.

ஆகவே முதலாளி வரும் காட்சி இல்லை. ஆள் உயிரோடு இருக்கும்போது அவருக்காக இவள் ஏன் போய்ப் பேச வேண்டும்? உங்கள் வரி போய்விட்டது. எனக்கும் வருத்தம்தான். அந்த நிப்பைப் பத்திரமாக வையுங்கள்.

அவசரம் ஏதுமில்லை. பதிப்பாளரிடம் என் கண்ணைச் சாக்குச் சொல்லித் தவணை வாங்கியிருக்கிறேன். நாளுக்கு ஒரு குமிழ் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

ஜூலை 11

சம்பந்தி அவர்களுக்கு,

கடைசிப் பக்கங்கள் இத்துடன் உள்ளன. சரிபார்த்துக்கொள்ளவும்.

அடுத்த புத்தகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் விதவிதமான எழுத்துகள் வந்துவிட்டன என்று மருமகள் சொன்னாள். அவை சீராக இருக்கும். எனக்கு ஓய்வு வேண்டும்.

கண்ணைக் கவனிக்கவும்.

சம்பந்தி அம்மா

•

செப்டம்பர் 14

சம்பந்தி அம்மாவுக்கு ஆயிரம் வணக்கம்!

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆகஸ்டில் நம் புத்தகம் அச்சாகி வந்த கையோடு பதிப்பாளர் அதைச் சித்திரக்கதை மன்றத்தின் போட்டிக்கு அனுப்பியிருந்தார். மன்றத்தின் இந்த வருட விருதுகளை நேற்று அறிவித்துவிட்டார்கள். சிறந்த எழுத்தமைப்பு: 'நடுமாடி'. நீங்கள்தான்! சிறந்த கதைக்கு என் பெயரும் பட்டியலில் இருந்தது, கிடைக்கவில்லை. சிறந்த கோட்டோவியத்திலும் இல்லை. எல்லாவற்றிலும் தோற்றுவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் பெருமை சேர்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நடுவர்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "லிஃப்ட்காரரின் குரல் நடுங்குவதை நாம் கண்ணால் கேட்கிறோம். அந்தப் பெண்ணின் ஒற்றைச் சொற்கள் நேராக, உறுதியாக நிற்க, கிழவரின் சொற்களில் ஒவ்வொரு சுழியும் உயிருக்காகத் தத்தளிக்கிறது. எழுத்தை இப்படி நடுங்கவிடும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை."

விழா நவம்பர் 8. பித்தளையில் செய்த பெரிய பேச்சுக் குமிழ்தான் பரிசு. அவர்கள் விழாவில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தமைப்புக்கு விருது வாங்குகிறவர் மேடையிலேயே ஒரு பெரிய பலகையில் எல்லோர் முன்னிலையிலும் ஏதாவது எழுதிக் காட்ட வேண்டும். அந்தப் பலகையை மன்றத்தின் சுவரில் மாட்டிவைப்பார்கள்.

என் கண் ஆபரேஷனுக்கு நவம்பர் 6 என்று நாள் குறித்துவிட்டார்கள், நான் வர முடியாது. மகள் எனக்குத் துணைக்கு வருகிறாள். மாப்பிள்ளை உங்களை அழைத்துப்போகிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம். அந்த மனிதர் ஃபோனில் சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகிழ்ச்சியில் கை கால் ஓடாத உங்கள் சம்பந்தி

•

செப்டம்பர் 20

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நான் நலம் என்று இத்தனை நாள் எழுதியது பொய். கட்டட வேலையும் பொய்.

என் வலது கை நடுங்குகிறது. ஜனவரியில் தொடங்கியது. டாக்டர் சொன்ன பெயர் நீளமானது, எழுதிக் காட்டினால் அதுவே நடுங்கும். மாத்திரையில் கொஞ்சம் அடங்குகிறது. முழுதாகப் போகாது, மெதுவாகக் கூடும் என்கிறார். காலையில் ஒன்றிரண்டு குமிழ்கள் நேராக வரும். அதில்தான் அந்தப் பெண்ணின் "ம்", "சரி" எல்லாம் எழுதினேன். அதற்குப் பிறகு கை தன் இஷ்டத்துக்குப் போகும். ண எழுதினால் மூன்று சுழியும் மூன்று திசையில் நிற்கும். புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்து வீட்டில் போய் உட்காரும். லிஃப்ட்காரர் பேச்செல்லாம் அப்படி எழுதியதுதான். உங்கள் கண் மங்கல் என்பதால் தப்பித்தேன்.

துணிச்சலாம்! வரைபட அலுவலகத்தில் ஒரு கோடு மயிரிழை தவறினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவோம். அப்படிப் பழகியவளுக்கு, எழுதத் தெரிந்த காலத்தில் ஒருவரும் ஒன்றும் தரவில்லை. எழுத வராமல் போனதற்கு விருது. இதை வாங்கினால் நான் திருடி. வியாதிக்குத்தான் கொடுக்கிறார்கள், எனக்கு இல்லை.

அதைவிட, மேடையில் எழுத வேண்டும் என்கிறீர்கள். என் மகன் பார்த்துக்கொண்டு இருப்பான். அன்றோடு என் வீட்டைப் பூட்டிச் சாவியை அவன் பையில் போட்டுக்கொள்வான். நல்ல பிள்ளைதான், அதுதான் பிரச்சினை. கெட்ட பிள்ளையாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். அந்தக் காலி அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடித்துக் கொடுப்பார்கள். எனக்கு அது வேண்டாம், சம்பந்தி. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை, எதையாவது சொல்லி மன்றத்துக்கு நீங்களே எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பந்தி அம்மா

•

செப்டம்பர் 27

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒளிக்காமல் எழுதிய பிறகு நான் மட்டும் ஒளித்தால் நன்றாக இருக்காது.

எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்.

என் காதில் பூச்சுற்றும்போது நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். முதல் முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த ஜன்னல் பக்கம்தான் எனக்கு நாற்காலி போட்டீர்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் யார் கட்டடம் கட்டுவார்கள்? போகட்டும், கட்டுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மேஜை அதிர்ந்தால் எல்லா எழுத்தும் அல்லவா ஆட வேண்டும்? பக்கத்தின் முதல் குமிழ் நேராக இருக்கிறது, போகப் போகத்தான் ஆடுகிறது. கொத்தனார்கள் அப்படி முறை வைத்து இடிப்பார்களா? இடது கண்தான் மங்கல். வலது கண் கழுகு.

கேட்க நினைத்தேன். ஆனால் நாம் சம்பந்திகள். உங்கள் உடம்பைப் பற்றி நான் வாய் திறந்தால் அது என் மகள் காதுக்குப் போகும், அங்கிருந்து உங்கள் மகனுக்கு. பிறகு நீங்கள் எழுதியபடி லாரி வரும். சும்மா இருந்துவிட்டேன்.

சும்மாவும் இருக்கவில்லை. லிஃப்ட்காரர் முப்பதாம் பக்கத்தில் செத்திருக்க வேண்டியவர். அவர் செத்தால் மீதிப் புத்தகம் முழுக்க அந்தப் பெண் பேச வேண்டும். அவ்வளவையும் நேராக எழுத நீங்கள் என்ன பாடுபடுவீர்கள்? ஆகவே அவரைச் சாகவிடவில்லை. நடுங்கினாலும் பொருந்துகிற வாய் அவருக்குத்தான் இருந்தது. அவருக்கு வசனத்தைக் கூட்டினேன், அவளுக்குக் குறைத்தேன். முகம் வரைய நன்றாக இருக்கிறது என்றதெல்லாம் சப்பைக்கட்டு. அந்தக் கன்னக் கோடுகளைப் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஆகவே நீங்கள் திருடி இல்லை. நடுக்கம் வருமென்று தெரிந்தே, அதற்கு இடம் கொடுக்கக் கட்டிய கதை அது. விருதை நிம்மதியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மன்றத்துக்கு நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

அக்டோபர் 16

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு முதல் வசனத்தாள்களை எடுத்து ஒருமுறை படித்தேன். நன்றி சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

ஆற்றை நகர்த்திவிட்டீர்கள். ஒரு பெயருக்கு இடம் போதவில்லை என்று ஆற்றையே தூக்கி வேறு பக்கம் போட்டுவிட்டீர்கள். நீங்கள் செய்தது அன்பு என்று எனக்குப் புரிகிறது. என் மகன் காலி அறையைத் துடைத்து வைத்திருப்பதும் அன்புதான். அவன் எனக்கு ஒரு அறை பார்த்தான், நீங்கள் என் எழுத்துக்கு ஒரு கிழவரைப் பார்த்தீர்கள். நடுங்குகிறதா, சரி, அங்கே போய் உட்கார். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

இதில் அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? எனக்காக அவள் வாயைப் பிடுங்கிவிட்டீர்கள்.

விழாவுக்குப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மகன் புதுச் சட்டை வாங்கியிருக்கிறானாம்.

ஆபரேஷன் நல்லபடியாக நடக்கட்டும். கோபம் இருந்தாலும் அதை எழுதாமல் இருக்க முடியாது.

சம்பந்தி அம்மா

•

அக்டோபர் 30

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

அந்தப் பெண் ஒரு பாவமும் செய்யவில்லை. என் மகளை ஒரு வார்த்தை பேசவிடாமல் வீட்டில் என்னால் இருக்க முடியுமா? முடியாது. தாளில் செய்துவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் நான் எதையும் படிக்கக் கூடாது. வரும் கடிதங்களை மகள்தான் உரக்கப் படித்துக்காட்டுவாள். அவள் படிக்கக் கூடாதது ஏதாவது எழுத வேண்டியிருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள். திட்டுவதாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், அவளும் சேர்ந்துகொள்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இதை இப்போது நிஜமாகவே எழுதுகிறேன்.

உங்கள் சம்பந்தி

•

நவம்பர் 11

சம்பந்தி அவர்களுக்கும், இதை அவருக்குப் படித்துக்காட்டும் என் மருமகளுக்கும்,

கண் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தார்களா? என் உடம்பு விஷயம்: கை நடுங்குகிறது. மற்றபடி நலம். மருமகளே, இந்த இடத்தில் நீ படிப்பதை நிறுத்திவிட்டு உன் அப்பாவைப் பார்ப்பாய். அவருக்கு முன்பே தெரியும். அவரை அப்புறம் திட்டலாம், முதலில் படித்து முடி. இந்தக் கடிதத்தின் எழுத்தே உனக்குச் சொல்லியிருக்கும். வேண்டுமென்றேதான் என் கையால் எழுதுகிறேன்.

விழாவுக்குப் போனேன். ரயிலில் ஏறும்வரை போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

மேடையில் என் பெயரைச் சொன்னார்கள். பித்தளைக் குமிழைக் கையில் கொடுத்தார்கள், நல்ல கனம். பிறகு அந்தப் பலகை. ஆள் உயரத்துக்கு வெள்ளையாக நின்றது. என் நிப் இல்லை, மை இல்லை, பென்சில் கோடு இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு மார்க்கர். "எது வேணா எழுதுங்க மேடம்" என்றார் செயலாளர். பலகையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் மகன் ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு இருந்தான்.

என் பெயரை எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சின்னப் பெயர், சீக்கிரம் முடியும், யாரும் கவனிக்கமாட்டார்கள். மார்க்கரைத் திறந்ததும் வேறு எண்ணம் வந்தது. இத்தனை மாதம் எழுதக் காத்திருந்தது என் பெயரை இல்லையே.

"இப்ப நான் பேசுறேன். கேளுங்க."

பலகை முழுக்க எழுதினேன். கை நடுங்கியது. மறைக்கவில்லை. 'றே'யின் கொம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, 'ன்' புள்ளி தெறித்துப் போய் எங்கோ விழுந்தது, 'ளு' சுழித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "யப்பா, யாரு மேல இவ்ளோ கோவம்?"

சம்பந்தி, அந்தப் பெண் நடுக்கத்தைப் பார்க்கவில்லை. கோபத்தைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பலகையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. முதலாளியின் முன்னால் நிற்கும் உங்கள் மெக்கானிக் அப்படித்தான் பேசுவாள். கோபம் வந்தால் குரல் நடுங்கும். இருபது வயதிலும் நடுங்கும். அது உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நடுக்கம் என்றதும் இரண்டு பேரும் ஒரு கிழவரைத் தேடிக்கொண்டு போனோம்.

மகன் விஷயம். மண்டபத்துக்கு வெளியே வந்ததும், "எவ்ளோ நாளாம்மா?" என்றான். சொன்னேன். உங்களுக்குத் தெரியும் என்பதையும் மறைக்கவில்லை. "மாமாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா?" என்று கேட்டபோது அவன் முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அதற்கு நான் வருத்தப்பட்டேன், அவனிடமே சொன்னேன். பிறகு எதிர்பார்த்தது வந்தது. "ரூம் ரெடியா இருக்கும்மா."

"இருக்கட்டும்பா. முடியாத அன்னிக்கு நானே கேக்கறேன். இப்ப எனக்கு வேலை இருக்கு."

ரயிலில் வழியெல்லாம் அந்தப் பித்தளைக் குமிழை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்து என் மேஜை முன்னால் வெகுநேரம் நின்றான். ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். "இந்த மேஜைய கொஞ்சம் ஒசத்திக் குடுத்தா முழங்கைய ஊனிக்கலாமா?" என்றான். ஊன்றிக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் கடைக்குப் போய்க் கட்டை வாங்கிவந்து நான்கு காலுக்கும் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினான். மாதம் ஒருமுறை டாக்டரிடம் அவன்தான் அழைத்துப்போவானாம். அதற்கு ஒப்புக்கொண்டேன். மருமகளே, அவனுக்கு நீ இப்போது ஃபோன் செய்வாய். செய். அவனைப் பேசவும் விடு.

அந்த உயர்த்திய மேஜையில்தான் இதை எழுதுகிறேன். பித்தளைக் குமிழ் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

ஓய்வு வேண்டும் என்று ஜூலையில் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். கண் தெளிந்ததும் அடுத்த புத்தகத்தைத் தொடங்குங்கள். அதே கட்டடம், அதே பெண். குமிழ்கள் பெரிதாகவே இருக்கட்டும். இனி எதை மாற்றுவதானாலும் என்னைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

லிஃப்ட்காரரை முதல் பக்கத்திலேயே கொன்றுவிடுங்கள். நல்ல மனிதர், எனக்காக ஒரு புத்தகம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். போதும். அவளுக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி அம்மா